பீடம் மாறிய சிலைகளின் பட்டணம்

அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த நாட்களில், ஸ்பென்சர் கடைக்கு அருகே ஓர் ஆங்கிலத் தளபதி வெண்கலத்தில் நின்றிருந்தார். பெயர் ஜேம்ஸ் நீல். 1857 கிளர்ச்சியை அடக்க மதராஸ் ஃபுசிலியர்ஸ் படையை வடக்கே நடத்திச் சென்றவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் கேள்விமுறை இல்லாமல் மக்களைத் தூக்கிலிட்டதற்காக வரலாற்றில் கெட்ட பெயர் எடுத்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு இறந்தார். கொன்றதும் மாண்டதும் வட இந்தியாவில். படை சென்னைப் படை என்பதால் சிலை மட்டும் இங்கே வந்தது.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் தொடவில்லை. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொண்டர்கள் சுத்தியலும் உளியுமாக வந்தார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு போன்றவர்கள் தலைமையில் நடந்த நீல் சிலை சத்தியாக்கிரகம் அது. ஒரு குழு கைதானால் அடுத்த குழு வரும். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளோடு போராட்டத்துக்கு வந்தார். இளைஞர் காமராஜுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தச் சமயம் சென்னைக்கு வந்த காந்தி, வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு ஆதரவு தந்தார். அரசு அசையவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் நீல் பீடத்திலிருந்து இறங்கினார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே சாலையில் வடக்கே போனால் தீவுத்திடலில் இன்னோர் ஆங்கிலேயர். சரியாகச் சொன்னால் ஸ்காட்லாந்துக்காரர். குதிரை மேல் அமர்ந்திருக்கிறார், 1839 முதல். சர் தாமஸ் மன்றோவை எதிர்த்து யாரும் சுத்தியல் எடுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது, ராஜதானி மாநிலமானது, மாநிலத்தின் பெயரும் மாறியது. மன்றோ இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

நீல் போனார், மன்றோ இருக்கிறார். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சென்னையின் பொதுக்கலையை ஓரளவு படித்துவிடலாம். வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு சிலையின் உயரத்தையும் திறந்துவைத்த ஆண்டையும் சொல்லும். இந்த நகரில் அதைவிட முக்கியமான கேள்வி, அது எங்கிருந்து இங்கே வந்தது, யார் நகர்த்தினார்கள் என்பதுதான்.

மன்றோ தப்பியதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் அவருடைய நல்ல பெயர். 1780இல் சாதாரணப் பயிற்சிப் படைவீரராக வந்து, பாரமகால் எனப்பட்ட சேலம், தருமபுரிப் பகுதியில் நிலவரி ஏற்பாடுகளைக் கற்று, ஜமீன்தார்களை விலக்கிக் குடியானவரிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர். 1820இல் ஆளுநர். ஊர் திரும்புவதற்கு முன் விடைபெறும் சுற்றுப்பயணத்தில், 1827 ஜூலையில், இன்றைய கர்நூல் பக்கத்துப் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தார்கள். திருமலைக் கோயிலில் ஒரு நைவேத்தியப் பாத்திரத்துக்கே ‘மன்றோ கங்காளம்’ என்று பெயர். ரயத்துவாரி குடியானவருக்கு உண்மையிலேயே நன்மை செய்ததா, வரிச்சுமையைத்தான் நேரடியாக்கியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மக்கள் நினைவு அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது இடம். நீல் நின்றது கடைகளும் டிராம் வண்டிகளும் போகும் வீதியில். மன்றோ அமர்ந்திருப்பது ராணுவத்தின் வசமுள்ள திறந்த வெளியில். கோபம் வந்தாலும் அங்கே நின்று கோஷம் போட்டால் கேட்க ஆள் கிடையாது.

அந்தக் குதிரையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி அவற்றை வைக்க மறந்துவிட்டார், தவறு தெரிந்ததும் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போனால் கதை உடைந்துவிடும். அங்கே அதே சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. பழைய ரோமானியக் குதிரைச் சிலைகளின் பாணியில் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். அவர் இறந்தது 1841இல், நோயால். ஆனாலும் இந்தக் கட்டுக்கதையைச் சென்னை கைவிடாது. ஆளுநரின் பெருமையைவிடச் சிற்பியின் மறதிதான் ஊருக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரர் சிலைகளில் மூத்தவர் கார்ன்வாலிஸ். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய பளிங்குச் சிலை, 1800இல் கோட்டைக்குள் வந்திறங்கியது. திப்பு சுல்தானின் இரண்டு மகன்களும் 1792இல் பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்படும் காட்சி அதன் பீடத்தில் புடைப்புச் சிற்பமாக உள்ளது. தோற்றவனின் பிள்ளைகளைக் காட்டி வென்றவனைப் புகழும் வேலை. கைத்திறன் அபாரம், காட்சி கசப்பு. இந்தச் சிலையும் பல இடங்கள் மாறி, கடைசியில் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கியது. அந்த அருங்காட்சியகம் 1948 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் சாமான்களை அடுக்கிவைக்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது.

சிலைகள்தான் நகர்ந்தன என்று நினைத்தால் பாதி உண்மைதான். சென்னையில் நிலையானவை என்று கைகாட்டும் பல கட்டடங்களும் வேறிடத்திலிருந்து வந்தவையே.

பூக்கடைப் பகுதியில் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டி அடுத்தடுத்து நிற்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் சென்னமல்லீஸ்வரர் கோயிலையும் எடுத்துக்கொள்ளலாம். பட்டணத்தின் முதல் கோயில் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை இடித்தது. ஊரில் எழுந்த முணுமுணுப்புக்குப் பிறகு 1762இல் மாற்று நிலம் தந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியதே இன்றைய இரட்டைக் கோயில். பழைய இடத்தில் 1892இல் சிவப்புச் செங்கல் கோபுரங்களோடு உயர் நீதிமன்றம் எழுந்தது.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் கதையும் அதுவே. பழைய கோயில் சாந்தோம் பக்கம் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் முடிவு. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. இன்று தெப்பக்குளத்தோடு நாம் பார்க்கும் கோயில் பின்னால் எழுந்தது. சம்பந்தர் பாடிய மயிலையும் இன்றைய மயிலையும் ஒன்றேதான், ஆனால் அதே மண் இல்லை.

கலங்கரை விளக்கமாவது ஒரே இடத்தில் நின்றிருக்கலாம். அதுவும் இல்லை. 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் கூரையில் முதல் விளக்கு எரிந்தது. 1844 முதல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இப்போதும் நிற்கும் கல்தூணின் உச்சியில். 1894 முதல் உயர் நீதிமன்றத்தின் கோபுரத்திலேயே. 1977இல் மெரினாவின் தெற்குக் கோடியில் எழுந்த முக்கோணக் கோபுரம் நான்காவது. கப்பல்காரர்களுக்கு வழிகாட்டிய விளக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வீடு தேடி அலைந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் மெரினாவில் எழுந்த முதல் பெரிய சிலை எந்த ஆளுநருக்கும் தலைவருக்கும் உரியது இல்லை. 1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தைய நாள். வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் திறக்கப்பட்டது உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்ற வங்காளி, மல்யுத்தமும் பழகியவர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், 1957 வரை அங்கேயே இருந்தார். எழும்பூர் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அந்தப் பள்ளி.

சிலையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் முன்பக்கம் மட்டுமே தெரியும். நான்கு ஆண்கள், இடுப்பில் துணி, ஒரு பெரும் பாறை. அதை நெம்பி நகர்த்தப் பார்க்கிறார்கள். ஒருவரின் பலம் மற்றவரின் முதுகில் ஏறுவது பக்கவாட்டில் நின்றால்தான் புரியும். காலின் பெருவிரல் மண்ணைக் கவ்வுகிறது. கெண்டைக்கால் நரம்பு புடைக்கிறது. விலா எலும்புகள் தெரிகின்றன, ஆனால் பரிதாபம் தெரியவில்லை. யாரும் நம்மைப் பார்க்கவில்லை, வேலையில் இருக்கிறார்கள். ஓவியப் பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரிகளாக நின்றதாகச் சொல்லப்படுகிறது. உடம்பின் உழைப்பை மல்யுத்தக் களத்திலிருந்தே அறிந்த கை செய்த வேலை என்பதால் இது சுவரொட்டிப் புரட்சியாக முடியாமல் சிற்பமாக நின்றது.

இடமும் பொருந்தியது. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களை நடத்தியது இதே கடற்கரையில்தான். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். ஆண்டுதோறும் மே நாளில் தொழிற்சங்கங்கள் கொடியோடு வந்து சிலைக்கு மாலை போடுவதற்கு அதனால் ஒரு நியாயம் உண்டு. அதே 1959இல் அதே சிற்பியின் காந்தியும் மெரினாவுக்கு வந்தார், கையில் தடியோடு, எட்டு வைத்து நடக்கும் கோலத்தில்.

மெரினா முழுவதும் சிலை வரிசை ஆனது 1968இல். அண்ணா முதலமைச்சர், ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. என்று ஒரு மொழியின் வரலாறே காமராஜர் சாலையில் ஏறி நின்றது. ஜி.யு. போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் உடன் வந்தார்கள். முதலாமவர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர், இரண்டாமவர் அயர்லாந்தில், மூன்றாமவர் இத்தாலியில். நீலை இறக்கிய நகரம் முப்பது ஆண்டுகளில் மூன்று ஐரோப்பியர்களைத் தானாகப் பீடம் ஏற்றியது. தகுதி தோலின் நிறத்தில் இல்லை, தமிழுக்கு என்ன செய்தார் என்பதில் இருக்கிறது என்பதே அந்த வரிசையின் அரசியல். அவர்கள் எல்லோருமே கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கிறார்கள். அந்த மாநாட்டு நாட்களிலேயே மவுண்ட் ரோட்டில் அண்ணாவுக்கும் ஒரு சிலை எழுந்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே.

தலைவர் உயிரோடு இருக்கும்போதே சிலை வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதே சாலையில் 1970களில் திராவிடர் கழகம் நிறுவிய கருணாநிதி சிலை, 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது மூண்ட கலவரத்தில் அடித்து நொறுக்கப்பட்டது. ஓர் இளைஞன் கடப்பாறையால் இடிக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. கருணாநிதி அதற்கு ஒரு சிறு கவிதையால் பதில் சொன்னார். அவர் வாழ்ந்த காலத்தில் அங்கே மறுசிலை எழவில்லை. ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சிலை 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

கண்ணகியின் கதை இன்னும் விசித்திரம். 2001 டிசம்பரில் ஓர் இரவில், அ.தி.மு.க. ஆட்சியில், மெரினாக் கண்ணகி காணாமல் போனாள். லாரி மோதிப் பீடம் சேதமானது, போக்குவரத்துக்கும் இடைஞ்சல் என்றது அரசு. வாஸ்து, ஜோசியம் என்று ஊர் பேசியது. தமிழறிஞர்கள் கண்டனம் தெரிவித்தார்கள், தி.மு.க. போராடியது. ஆட்சி மாறியது. 2006 ஜூன் 3 அன்று, தம் பிறந்த நாளில், முதல்வர் கருணாநிதி அவளை மீண்டும் நிறுத்தினார். இடைப்பட்ட நாட்களில் கண்ணகி இருந்தது எழும்பூர் அருங்காட்சியகத்தில், நீல் போய்ச் சேர்ந்த அதே வளாகத்தில். வெவ்வேறு காலத்தில், நேரெதிர்க் காரணங்களுக்காக ஒரே இடத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டு பேர். நீதி கேட்டு மதுரையை எரித்தவளும் கேள்வி கேட்காமல் தூக்கிலிட்டவனும் ஒரே வளாகத்தில் அடைக்கலம் என்பதை இளங்கோவே கற்பனை செய்திருக்க மாட்டார்.

கண்ணகி திரும்பியதற்கு அடுத்த மாதமே காமராஜர் சாலையும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிலையானார். வழக்கும் கூடவே வந்தது. வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்று உயர் நீதிமன்றத்தில் வாதம். சாலையிலும் நடைபாதையிலும் போக்குவரத்துக்கு இடையூறாகச் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் சிவாஜி அகற்றப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போனார். நீலை அகற்றியது மக்கள் போராட்டம், கண்ணகியை அகற்றியது ஆட்சி, சிவாஜியை அகற்றியது போக்குவரத்து விதி. தொண்ணூறு ஆண்டுகளில் அதிகாரத்தின் குரல் எப்படி மாறியிருக்கிறது என்பதற்கு இந்த மூன்று போதும்.

இத்தனை சண்டைக்கும் நடுவே ஒரு விஷயம் கவனிப்பாரின்றிப் போய்விட்டது: சிலைகளின் தரம். ராய் சௌத்ரிக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை வார்ப்பட வேலையாகச் சுருங்கின. முகச்சாயல் வந்தால் போதும், கை நீட்டினால் போதும், தங்க வண்ணம் அடித்தால் போதும். 2018 பிப்ரவரியில் அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் திறக்கப்பட்ட ஜெயலலிதா சிலையில் அந்தச் சாயல்கூட வரவில்லை. இது யார் சிலை என்று ஊரே கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை வைத்தார்கள். சிலை எதற்கு என்பதற்குக் கட்சிகளிடம் இருக்கும் விடை மாலை போடுவதற்கு என்பதுதான். பிறந்த நாள், நினைவு நாள், கட்சியின் வெற்றி நாள். பீடத்தருகே நிரந்தர இரும்புப் படிக்கட்டு, அதன் மேல் கைப்பிடி, மாலை போட்டுவிட்டுப் புகைப்படத்துக்காக ஒரு நொடி திரும்பிப் பார்க்க இடம். சிற்பத்தின் முன்தோற்றத்தையே மறைத்து நிற்கும் அந்தப் படிக்கட்டைக் கலைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. கல்வெட்டில் திறந்துவைத்த அமைச்சர் பெயர் கொட்டை எழுத்தில். செதுக்கியவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

மக்களுக்குச் சிலையோடும் சமாதியோடும் வேறு உறவு இருக்கிறது. எம்.ஜி.ஆர். சமாதிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பளிங்கில் காதை வைத்துக் கேட்பார்கள். அவரோடு புதைத்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று நம்பிக்கை. ‘டிக் டிக்’ கேட்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்கவில்லை என்று சொல்பவரை அங்கே பார்ப்பது அரிது. நினைவுச் சின்னத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது கட்டியவர்களின் விதி. காதால் கேட்பது வந்தவர்களே ஏற்படுத்திக்கொண்ட மரபு.

சுவர்களின் கதை வேறு. சினிமாத் தட்டிகளும் கட்சிச் சுவரெழுத்தும்தான் இந்த நகரின் சொந்த ஓவியக் கலை. மவுண்ட் ரோட்டில் கைகளால் வரைந்த பிரம்மாண்டமான பேனர்கள் நின்ற காலத்தில், கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கி, மூங்கில் சாரத்தில் ஏறி நின்று முகத்தில் நீலமும் ரோஸும் கலந்து தீட்டிய ஓவியர்களுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள் இருந்தார்கள். 2000களில் வந்த ஃபிளெக்ஸ் அச்சு சில ஆண்டுகளில் அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்டது. ஃபிளெக்ஸ் கலைஞனை மட்டும் கொல்லவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வைத்த திருமணப் பேனர் சரிந்து இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். நகரின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் கிடைத்ததும் இப்படி ஒரு விளம்பரப் பலகை வழக்கில்தான் என்பது வேடிக்கை. அந்த வழக்கில் அமைந்த நீதிபதி பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது.

இப்போதைய சுவரோவியம் வேறு வழியில் வந்தது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியோடும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டியது. கண்ணகி நகர் பழைய மாமல்லபுரம் சாலையோரம் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பு. 2000 முதல் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகள். மெரினாவிலிருந்து பெயர்க்கப்பட்ட கண்ணகி ஐந்தாண்டுக்குள் திரும்பி வந்தாள். அவள் பெயர் கொண்ட ஊருக்குப் பெயர்க்கப்பட்டவர்களுக்குத் திரும்பும் தேதி கிடையாது. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் கட்டட வேலைக்கும் பழைய இடத்துக்கே பஸ் ஏறுகிறார்கள்.

அந்த ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. சில சுவர்களில் சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள் நான்கு மாடி உயரத்துக்கு எழுகின்றன. கண்ணகி நகர் என்றால் வேலை தரத் தயங்கிய நகரம், முதல் முறையாகப் படம் எடுக்க அங்கே போனது. அதைச் சாதாரண விஷயமாக நினைக்கக் கூடாது. அதே சமயம், தண்ணீரும் பேருந்தும் பள்ளியும் கேட்டவர்களுக்கு முதலில் வந்தது வண்ணம் என்பதையும் மறைக்க முடியாது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த முகங்கள் இன்னும் கூர்மையான வேலை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்திருக்கும் வரிசை அது. யார் யார் என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. அந்த முடியாமையில்தான் ஓவியத்தின் கருத்து இருக்கிறது.

மக்கள் கொண்டாடித் தீர்த்த பொதுக்கலை என்று சமீபத்தில் ஒன்றைச் சொல்வதானால், 2022 ஜூலையில் நேப்பியர் பாலத்துக்கு அடித்த கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது; வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை பொம்மைகள் நகரெங்கும் நின்றன. பாலத்தில் படம் எடுக்க வந்த கூட்டத்தால் வண்டிகள் தேங்கின. யாரும் வழக்குப் போடவில்லை.

நகரும் சிலைகளைச் சென்னைக்காரர் சண்டையில்லாமல் ஏற்கும் இடம் ஒன்று பழைய காலத்திலிருந்தே உண்டு. பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகள். பத்து நாள் பெருவிழாவில் மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் காலையில் சம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த ஐதிகம், மாலையில் அறுபத்து மூவர். வெண்கல நாயன்மார்கள் பல்லக்குகளில் நான்கு வீதியும் சுற்றி வருகிறார்கள். மயிலையிலேயே பிறந்த வாயிலார் நாயனாரும் அவர்களில் ஒருவர். கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்து வந்து சேர்கிறார்கள். வீட்டு வாசல்களில் அண்டா அண்டாவாக நீர்மோர், பானகம், தொன்னையில் புளியோதரை, சுண்டல். வாங்குபவரின் சாதியையோ ஊரையோ யாரும் கேட்பதில்லை. மயிலையின் மாதாந்திர விழாக்களை வரிசையாகச் சொல்லும் பூம்பாவைப் பதிகம் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயில் இடம் மாறியும் விழா தொடர்ந்திருக்கிறது. கட்டடம் ஏற்ற பெயர்ச்சியை விழா எளிதாகக் கடந்துவிட்டது.

வட சென்னைக்கு அதற்கு இணை திருப்பதிக் குடை. புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் வெண்பட்டுக் குடைகள் நடந்தே திருமலை சேரும். குடை யானைக்கவுனியைத் தாண்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. சௌகார்பேட்டை வியாபாரியும் கொத்தவால்சாவடிப் பக்கத்துச் சுமைதூக்கும் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்கும் மாலை அது.

எல்லாவற்றிலும் ஆயுள் குறைந்த பொதுக்கலை கோலம். விடியலில் போட்டு, பத்து மணிக்குள் சைக்கிளும் ஸ்கூட்டரும் அழித்துவிடும். மார்கழியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியில் சாலையே புள்ளி வைத்த தாளாகிவிடும். இப்படி அழியும் கோலத்துக்கும் அதிகாரம் ஒரு முறை பயந்தது. 2019 டிசம்பர் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாளே பல வீட்டு வாசல்களில் அதே வாசகங்களோடு கோலங்கள் தோன்றின, அரசியல் தலைவர்களின் வீடுகள் உட்பட. பீடமும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம், அகற்ற கிரேனும் வேண்டாம்.

ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடும் வழக்கம் இருபது ஆண்டுகளாக வளர்ந்திருக்கிறது. பாரம்பரிய நடைகளில் இளைஞர்கள் கூடுகிறார்கள், நல்ல கேள்விகள் கேட்கிறார்கள். பதில் சொல்லச் சிலையடியில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. மாநகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் இது பெரிய செலவு இல்லை: ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கல், அதில் சிற்பியின் பெயர், முதலில் நின்ற இடம், அகற்றிய நாள், அகற்றிய காரணம், திரும்பிய நாள். உழைப்பாளர் சிலையடியில் ராய் சௌத்ரியின் பெயர் திறந்துவைத்தவர் பெயரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கண்ணகி சிலையிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். 1968, 2001, 2006 என்ற மூன்று ஆண்டுகளையும் எந்தக் கட்சிக்கும் தயங்காமல் ஒரே கல்லில் பொறிக்கட்டும்.